அக்ரூட் உருண்டையும் ஒரு வாய்த் தண்ணீரும்

முட்டையின் மஞ்சள்கருவில் இனிப்பு செய்யலாம் என்று எனக்குக் காட்டியவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். இனிப்பின் மேல் கோபம் இல்லை. அது என்ன செய்யும், பாவம். நன்றாகத்தான் இருக்கும் என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

அவள் எங்கள் எஸ்டேட் மேனேஜரின் மனைவி. கோவாக்காரி. எழுபதுகளில் வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன பங்களாவிலும் நாற்காலியிலும் நம் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கூப்பிடுகிற பெயர் மட்டும் மாறவில்லை. அவர் துரை, அவள் தொரசாணி. அவளுடைய அம்மா வீடு போர்த்துக்கீசியர் காலத்துப் பெரிய வீடாம். அந்த வீட்டு இனிப்பு ஒன்றைக் கிறிஸ்துமஸுக்குச் செய்து, சுற்றியுள்ள எஸ்டேட் பங்களாக்களுக்கெல்லாம் தகர டப்பாவில் அனுப்புவாள். அதற்கு அவள் சொன்ன பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நாங்கள் அக்ரூட் உருண்டை என்றோம்.

நான் அந்தக் குசினிக்குள் போனது சமையல் ஆசையில் இல்லை. வயிற்றில் பிள்ளை இருந்தது. அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இரண்டும் தேயிலை மேட்டில், முதுகில் கூடையோடு ஏறி இறங்கும்போது கலைந்தவை. எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் இந்த முறை என்னை உட்காரவைத்து, "இனி மேடு ஏறினா இதுவும் நிக்காது. பெறகு எங்கிட்ட வந்து அழக்கூடாது, ஆமா" என்றார். மேடு ஏறாமல் எஸ்டேட்டில் ஒரு பெண்ணுக்கு என்ன வேலை இருக்கிறது? பங்களாக் குசினியில் ஒன்று இருந்தது. அது எப்படிக் காலியானது என்பதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

தொரசாணியின் அம்மா வீட்டில், அக்ரூட்டைத் தொடுகிற வேலைக்காரிகள் வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்ள வேண்டுமாம். தண்ணீர் இருக்கிற வாயில் பருப்பு போகாது. வேலை முடிந்ததும் வீட்டுக்காரிக்கு முன்னால் தொட்டியில் துப்பிக் காட்ட வேண்டும். வாய் நிறையப் போனது வாய் நிறையத் திரும்பி வரவேண்டும். இதைத் தொரசாணி கூச்சமே இல்லாமல், சிரித்துக்கொண்டு, செய்முறையோடு சேர்த்தே சொன்னாள். சர்க்கரை இவ்வளவு, மஞ்சள்கரு இவ்வளவு, வேலைக்காரியின் வாயில் தண்ணீர் ஒரு மடக்கு. "அம்மா வீட்டுல எப்பவும் அப்படித்தான். திருட்டும் இல்ல, பேச்சும் இல்ல" என்றாள்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவள் உருண்டை பிடிக்கும்போது தும்மிவிட்டாள். தண்ணீர் போய்விட்டது. கொஞ்சம் மாவின் மேலும் தெறித்தது. மறுநாள் காலை அவள் கூடையும் தலைக்கொங்காணியுமாக, மேட்டு வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டரில் நின்றாள். நல்லவள்தான். அவளுக்காக வருத்தப்பட எனக்கு நேரம் இல்லை. அன்றைக்கே தலை சீவி, வேறு புடவை கட்டி, பங்களாவின் பின்வாசலில் போய் நின்றேன். தொரசாணி என் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள். மாடு பிடிக்கிறவன்கூடக் கொஞ்சம் தட்டிக்கொடுத்துவிட்டுப் பார்ப்பான்.

இனிப்பைப் பற்றிச் சொல்கிறேன். அக்ரூட் கொச்சியிலிருந்து சாக்கில் வரும். முட்டை கீழே கம்பம் ஊரிலிருந்து, கம்பம்மெட்டு ஏறி, உமி பரப்பிய கூடையில் வரும். அக்ரூட்டின் ஓட்டை மரச் சுத்தியலால் பட்டும் படாமலும் தட்ட வேண்டும். இரண்டு பாதியாக முழுசாய் வருகிற பருப்பு மேலே பதிப்பதற்கு. உடைந்தது அரைப்பதற்கு. உடைந்ததைக் கொதிநீரில் போட்டு அந்தப் பழுப்புத் தோலை நகத்தால் உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். உரித்து உரித்து என் நகக்கண் கறுத்துவிட்டது. பிறகு தண்ணீர் படாமல் அம்மியில் அரைக்க வேண்டும். சர்க்கரைப் பாகு கம்பிப் பதத்துக்கு வந்ததும் இறக்கி ஆறவிட்டு, வடிகட்டிய மஞ்சள்கருவை நூல்போல ஊற்றி, அரைத்ததையும் போட்டு, மெல்லிய தீயில் கைவிடாமல் கிண்ட வேண்டும். தீ கூடினால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். அல்வாபோலச் சட்டியை விட்டுத் திரண்டு வந்ததும் மூடி வைத்து, மறுநாள் உருட்டி, மேலே அரைப் பருப்பைப் பதித்து, சிவக்கக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் தோய்த்து, நெய் தடவிய கல்லில் வைக்க வேண்டும். கண்ணாடிபோல ஒரு ஓடு விழும்.

வெள்ளைக்கரு என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பங்களா நாய்களுக்குப் போகும். அந்த நாய்களின் முடி அந்த மாதம் பளபளவென்று இருக்கும்.

இத்தனையையும் வாயில் தண்ணீரோடு செய்தேன். பிள்ளைத்தாச்சிக்கு முட்டை வாடை ஆகாது. குமட்டும்போது தண்ணீரும் சேர்ந்து மேலே வரும். மூக்கால் மூச்சு இழுத்து, கண்ணில் நீர் வழிய, அதை வாய்க்குள்ளேயே நிறுத்திவைக்கப் பழகினேன். ஒரு தட்டு முடிந்தால் தொரசாணி முன்னால் துப்பிவிட்டு இன்னொரு மடக்கு வாங்கிக்கொள்ளலாம். அவள் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "குட்" என்பாள். பிள்ளை வயிற்றில் நின்றுகொண்டிருந்தது. அது போதும் என்று இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டார்.

அவர் ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். சம்பள நாளில் சாராயக் கடையிலிருந்து வீட்டுக்கு நாலு காலில் வருகிறவர். இரண்டு பிள்ளை போன பிறகு, மூன்றாவது நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டினார். நான் மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடி நின்றது. ஆனால் மனுஷன் சாமியானதும் நான் மனுஷி இல்லாமல் போனேன். அதுவரை "ஏய்" என்று கூப்பிட்டவர், மாலை போட்டவர்கள் முறைப்படி என்னை "மாளிகப்புறம்" என்று கூப்பிட்டார். நான் அவரைச் "சாமி" என்றேன். மரியாதை கூடியது, வேலை நாலு மடங்கு கூடியது. முட்டை தொட்ட கையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு வெளியே குழாயடியில், பனி இறங்குகிற நேரத்தில், தலையோடு குளித்துவிட்டுத்தான் நான் வாசல்படி மிதிக்க வேண்டும். ஈரப் புடவையோடு அவருக்குத் தனிப் பாத்திரத்தில் சோறு பொங்க வேண்டும்.

"பிள்ளைக்காகத்தானே விரதம், சாமி. பிள்ளைக்குக் குளிரும்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அய்யப்பன் பாத்துக்குவாரு. நீ சுத்தமா இரு, அது போதும்" என்றார்.

பங்களாவில் சமையல் செய்த பட்லருக்கும் இவருக்கும் முன்னால் நல்ல சிநேகிதம். துரை மிச்சம் வைக்கிற பிராந்தியைப் பட்லர் மருந்துப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். இவர் வாங்கிக் குடிப்பார். மாலை போட்ட பிறகு ஒருநாள் டீக்கடையில் பட்லர் இவர் பக்கம் கண்ணாடி டம்ளரை நகர்த்தியபோது, "முட்ட ஒடைக்கிற கைய எம் முன்னால நீட்டாதய்யா" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். பட்லர் கறுவிக்கொண்டார் என்பது மறுநாள் குசினியில் அவர் வெங்காயம் நறுக்கிய சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது.

முதல்முறை மலைக்குப் போகிற கன்னிசாமி, போவதற்கு முன்னால் நாலு வீட்டில் பிச்சை எடுக்க வேண்டும் என்று ஒரு முறை உண்டு. அகங்காரம் அழியவாம். எங்கள் எஸ்டேட் குருசாமி, பலமுறை மலை ஏறிய பெரியவர், கன்னிசாமிகளை அழைத்துக்கொண்டு லயம் லயமாகச் சுற்றிவிட்டு, கடைசியில் பங்களாவுக்கும் வந்தார். பின்வாசலில் சரணம் போட்டார்கள்.

அன்றைக்கு உருண்டைகளைப் பாகில் தோய்க்கிற நாள். என் இரண்டு கையிலும் மூங்கில் குச்சி, குச்சி நுனியில் உருண்டை, அடுப்பில் சிவந்து கொதிக்கிற பாகு. அதை விட்டு அந்தப்பக்கம் திரும்பினால் பாகு இறுகிவிடும். வாயில் தண்ணீர்.

தொரசாணிக்கு அவர்களைப் பார்த்ததும் ஒரே குஷி. காசு போட்டாள். பிறகு கல்லில் ஆறிக்கொண்டிருந்த உருண்டைகளைத் தட்டில் எடுத்து, "சாமி, ஸ்வீட்!" என்று நீட்டினாள். நீட்டிய பிறகு அவளுக்கே ஏதோ தோன்றி, "இவங்க சாப்பிடலாமா? மீட் ஒண்ணும் இல்லையே இதுல?" என்று பட்லரைக் கேட்டாள்.

"கவுச்சியே கெடையாதும்மா. பருப்பும் சக்கரையுந்தான்" என்றார் பட்லர். சொல்லும்போது என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

குருசாமி கையெடுத்துக் கும்பிட்டு, "நாங்க வெளியில கை நனைக்கிறதில்லைம்மா" என்று ஒதுங்கினார். மற்றவர்களும் ஒதுங்கினார்கள். என் வீட்டுக்காரர் ஒதுங்கவில்லை. துரை வீட்டுத் தட்டு தன் முன்னால் நீளுவது அவர் ஆயுளில் முதல்முறை. ஒன்றை எடுத்தார்.

நான் தலையை ஆட்டினேன். கழுத்து வலிக்க ஆட்டினேன். கண்ணை உருட்டினேன். குச்சியால் சட்டி விளிம்பில் தட்டினேன். துப்பியிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். துப்பலாம். விழுங்கவும் செய்யலாம். மறுநாள் நானும் கூடையோடு மஸ்டரில் நிற்பேன். வயிற்றுப் பிள்ளையை மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவதா, இந்த மனுஷன் ஒரு உருண்டை தின்பதா என்று இரண்டையும் எடைபோட எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. தலையை மட்டும் இன்னும் வேகமாக ஆட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். பார்த்து என்ன நினைத்தார் தெரியுமா? எனக்குப் பொறாமை என்று நினைத்தார். "சாமிக்குக் குடுக்கிறதுல கண்ணு வைக்குது பாருங்க மாளிகப்புறம்" என்று சிரித்துக்கொண்டே முதல் உருண்டையை வாயில் போட்டுக் கடித்தார். ஓடு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு எனக்கென்றே, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, இரண்டாவதை எடுத்தார். விரலையும் நக்கினார்.

அவர்கள் போன பிறகு தொரசாணி தொட்டியருகே வந்தாள். துப்பினேன். "குட்" என்றாள்.

பட்லர் விஷயத்தை அவசரப்பட்டுச் செலவழிக்கவில்லை. கூட்டம் நிறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தார். அதே டீக்கடை. "சாமிக்கு எங்க வீட்டு முட்ட மட்டும் இனிக்குது போல" என்று ஆரம்பித்து, மஞ்சள்கருவை எப்படி ஊற்றுவோம், எப்படிக் கிண்டுவோம் என்று நிதானமாக விளக்கினாராம். கடையில் சிரிக்காதவன் பாக்கி இல்லை. எஸ்டேட்டில் சிரிப்பதற்கு அதிகம் கிடைக்காது. கிடைத்ததை அவர்கள் விடவில்லை.

வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அதுல முட்ட இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"தண்ணி வச்சிருந்தேன்."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தார். பங்களாவில் வாயில் தண்ணீர் வைத்து வேலை செய்கிறோம் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற பெருமையா அது? இப்போது சொன்னேன். சொன்னபோது எனக்கே பொய்போல இருந்தது. கையை ஓங்கினார். ஓங்கிய கை மாலையில் பட்டதும் நின்றது. "மாலை போட்டிருக்கேன், அடிக்கக் கூடாது. மலை இறங்கி வந்து வச்சுக்கறேன்" என்றார். விரதத்தை அந்த அளவுக்குக் காப்பாற்றினார்.

குருசாமியிடம் போனார். நானும் பின்னால் போய்த் தள்ளி நின்றேன். குருசாமி நியாயமான ஆள். "தெரியாம உள்ள போனதுக்குத் தோசம் இல்லப்பா. முங்கிக் குளிச்சிட்டு நூத்தியெட்டு சரணம் சொல்லு. அய்யப்பன் ஒன்னும் நம்மள மாதிரி இல்ல" என்றார். எனக்கு அந்த நிமிஷம் உயிர் வந்தது. சாமி இவரை விட்டுவிட்டார், இனி இவர் என்னை விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"இவ இனிமே அந்த முட்டக் குசினிக்குப் போகக்கூடாது, அதையும் சொல்லுங்க சாமி" என்றார் இவர்.

குருசாமி என் வயிற்றைப் பார்த்தார். பங்களாப் பக்கம் பார்த்தார். "அது ஒங்க வீட்டுக் காரியம்ப்பா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நியாயமான ஆள் என்று சொன்னேன் இல்லையா, நியாயத்துக்கும் ஒரு எல்லை வைத்திருந்தார்.

"வீட்டுல இருக்கேன், மேட்டுக்கு மட்டும் வேணாம். கம்பவுண்டர் சொன்னது ஒங்களுக்கும் தெரியும்" என்று அன்று இரவு கெஞ்சினேன். சும்மா உட்கார்ந்தால் ஆபீஸில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்றார். "மேட்டுல வேல பாக்கிற பொம்பளைக பெத்துக்கிடலையா? ஒனக்கு மட்டும் என்ன பொன்னுல செஞ்ச வயிறா? நாந்தான் மலைக்குப் போறேன்ல, பிள்ளை நிக்கும்" என்றார். அதை முழுசாக நம்பினார். நம்பாமல் என்னை வதைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது.

அவரே பங்களாவுக்குப் போய் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஆள் போனது தொரசாணிக்கு ஆத்திரம். ஆனாலும் ஆள் விட்டு எனக்கு ஒரு நற்சான்று அனுப்பினாள். இதுவரை வந்தவர்களிலேயே நான்தான் ஒரு சொட்டுக்கூட விழுங்காதவளாம்.

அந்த மாதம் கவாத்து நடந்தது. ஆண்கள் தேயிலைச் செடியை வெட்டிக்கொண்டே போக, வெட்டிய குச்சிகளைப் பெண்கள் கட்டாகக் கட்டிச் சரிவில் இறக்க வேண்டும். மாலை போட்டவர்கள் எல்லோரும் இருமுடி கட்டி, வண்டிப்பெரியாறு போய்ப் புல்மேடு வழியாகக் காட்டுக்குள் நடக்கத் தொடங்கிய வாரம், நான் தலையில் கட்டோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். வழுக்கி விழவெல்லாம் இல்லை. விழுந்திருந்தால் கீழே விழுந்தாள் என்றாவது சொல்லலாம். நேராக நடந்துகொண்டிருந்தேன். அடிவயிற்றில் ஒரு இழுப்பு. கால் நனைந்தது. எனக்குப் பழக்கமான இழுப்பு அது.

பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கைத்தாங்கலாக லயத்துக்குக் கொண்டுவந்தாள். அவள்தான் எல்லாவற்றையும் பார்த்தாள். ஆண் பிள்ளை. விரல் நகம்கூட வந்திருந்தது. லயத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் அவள் மகன் குழி தோண்டினான். நான் பார்க்கப் போகவில்லை. மூன்றாவது முறையாகப் பார்க்க என்ன இருக்கிறது?

அவர் திரும்பி வந்தபோது நான் பாயில் கிடந்தேன். தூரத்திலிருந்தே சரண கோஷம் கேட்டது. மலை இறங்கி வந்த சாமி வீட்டு விளக்கு முன்னால் தேங்காய் உடைத்து மாலையைக் கழற்ற வேண்டும். அக்கா ஓடிப்போய் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"சாமி, உள்ள வராதீங்க. வீட்டுல தீட்டு."

சரணம் நின்றது. தீட்டு என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அழுவார் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அழட்டும் என்று காத்திருந்தேன். அவர் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

"அப்ப மாலைய எங்க கழட்டுறது?" என்று கேட்டார்.

அக்கா கோயிலில் போய்க் கழற்றுங்கள் என்று கையைக் காட்டினாள். அவர் இருமுடிப் பையிலிருந்து ஒரு சின்னத் தூக்குவாளியை எடுத்துப் படியில் வைத்துவிட்டுப் போனார். அபிஷேக நெய். பிள்ளைத்தாச்சிக்குக் கொடுத்தால் பிள்ளை சுகமாகப் பிறக்கும் என்று கொண்டுவந்தது.

எனக்குப் பசித்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே பசி. எழுந்து சுவரைப் பிடித்து நடந்து போய் அந்தத் தூக்கை எடுத்தேன். பானையில் ஆறிப்போன சோறு இருந்தது. தட்டில் போட்டு நெய்யை ஊற்றினேன்.

"அடியே, தீட்டுல சாமி நெய்யத் தொடாதடி! அது பிள்ளைக்குன்னு வந்தது" என்று அக்கா என் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை இல்லக்கா. நான் இருக்கேன்ல" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் பிசைந்து, தூக்கில் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டேன்.